ஊசி காட்டும் பக்கம் பள்ளம்

கையடக்க ஜிபிஎஸ் கருவியைப் பற்றி நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும், அங்கே நடக்கப் போகிறவர்களிடமிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம். மெனுப் பெயர்கள் கார்மின் எட்ரெக்ஸ், ஜிபிஎஸ்மேப் வகைக் கருவிகளில் உள்ளபடி. வேறு கம்பெனிக் கருவியிலும் விஷயம் அதேதான், பெயர்தான் மாறும்.

புதுக் கருவி வாங்கினேன். வீட்டு ஜன்னலோரம் வைத்தால் இருபது நிமிடமாகியும் இடம் காட்டவில்லை. லாங்வுட் சோலைக்குள் போனால் கிடைத்த சிக்னலும் போய்விடுகிறது. கருவி பழுதா, இல்லை கோத்தகிரியில் டவர் சரியில்லையா?
— வாசகி, கோத்தகிரி

ஜிபிஎஸ்ஸுக்கும் டவருக்கும் சம்பந்தமே இல்லை. சிக்னல் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து நேராக வருகிறது. கருவியும் பழுதாக இருக்காது. மாதக்கணக்கில் அணைந்து கிடந்த கருவிக்கு எந்தச் செயற்கைக்கோள் வானத்தில் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. அந்தப் பட்டியல் முழுதும் இறங்க 12.5 நிமிடம் ஆகும். அது போக, ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் சொந்தப் பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. நடுவில் அறுந்தால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஜன்னலோரத்தில் பாதி வானம் சுவருக்குப் பின்னால் போய்விடுவதால் அது அறுந்துகொண்டே இருக்கும். முதல் தடவை மட்டும் மொட்டை மாடியிலோ திறந்த மைதானத்திலோ இருபது நிமிடம் விட்டுவையுங்கள். பிறகு அடிக்கடி பயன்படுத்தினால் ஒரு நிமிடத்துக்குள் இடம் பிடித்துவிடும். சென்னையில் அணைத்ததைக் கோத்தகிரியில் ஆன் செய்தாலும் முதல் முறை கொஞ்சம் யோசிக்கும்.

செயற்கைக்கோள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கீழே குச்சி குச்சியாகக் கோடுகள் நிற்கும். உள்ளே வெறுமையாக இருக்கும் கோடு என்றால் சிக்னல் தெரிகிறது, விவரம் இன்னும் இறங்கவில்லை. நிறம் நிரம்பிய கோடு கணக்கில் சேர்ந்துவிட்டது. நான்கு நிரம்பினால்தான் உயரமும் சேர்ந்து இடம் கிடைக்கும். மூன்று அளவுகளுக்கு மூன்று போதாதா என்றால், நான்காவது கருவிக்குள் இருக்கும் மலிவான கடிகாரத்தின் பிழையைக் கழிப்பதற்கு. மேலே உள்ள வட்டப் படத்தையும் பாருங்கள். எட்டு செயற்கைக்கோள் இருந்தும் எல்லாம் ஒரே பக்கம் குவிந்திருந்தால், நாலா பக்கமும் பரவிய ஐந்தே மேல். மலைச்சரிவில் ஒரு பக்க வானம் முழுக்க மலை மறைத்துவிடுவதால் இந்தக் குவியல் சாதாரணம். கோடுகளுக்குள் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து தெரிந்தால் இந்தியாவின் ககன் திருத்தம் (ஜிபிஎஸ் பிழையைக் குறைக்கச் செயற்கைக்கோள் வழியே வரும் தகவல்) வருகிறது. சிஸ்டம் மெனுவில் அது ‘வாஸ்’, ‘ஈக்னோஸ்’ என்று அமெரிக்க, ஐரோப்பியப் பெயரில்தான் இருக்கும். அதை ஆன் செய்தால் ககனும் வேலை செய்யும்.

அடுத்தது பிடிக்கிற விதம். எட்ரெக்ஸுக்கு ஆன்டெனா தட்டையானது, முகம் வானத்தைப் பார்த்துப் படுத்திருக்க வேண்டும். தலையில் கட்டை மாதிரி ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் ஜிபிஎஸ்மேப் வகையை நட்டமாகப் பிடிக்க வேண்டும். கழுத்தில் தொங்கவிட்டாலோ இடுப்பில் மாட்டினாலோ உங்கள் உடம்பே பாதி வானத்தை மறைத்துவிடும். உடம்பு பெரும்பாலும் தண்ணீர்தானே! பையின் தோள்பட்டையில் உயரமாக மாட்டுவது நல்லது.

சோலை மரங்கள் அதிக உயரமில்லை, ஆனால் உச்சி காலிஃபிளவர் மாதிரி இடைவெளி விடாமல் மூடியிருக்கும். மூடுபனியும் மேகமும் சிக்னலை ஒன்றும் செய்யாது, நனைந்த இலை செய்யும். திறந்த புல்வெளியில் 3 முதல் 5 மீட்டருக்குள் காட்டிய கருவி, மழை நின்ற சோலைக்குள் 15 மீட்டர் தள்ளிக் காட்டினால் அதைக் குறையாகச் சொல்ல முடியாது. கொடைக்கானல் தூண் பாறை மாதிரிச் செங்குத்துப் பாறைகளின் அடியில் வேறொரு தொல்லை உண்டு. சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வரும். சுற்றி வந்த தூரத்தையும் கருவி நேர்த் தூரமாக எடுத்துக்கொள்வதால் நீங்கள் நிற்கும் இடம் பாறையைத் தாண்டிப் போய் விழும். பத்தடி நகர்ந்து மறுபடி பாருங்கள். திரையில் தெரியும் ‘துல்லியம் 4 மீட்டர்’ கருவியின் சொந்த மதிப்பீடு, அதற்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. அந்த வட்டத்துக்கு வெளியேயும் நீங்கள் இருக்கலாம்.

நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய எண்களைக் கருவியில் போட்டுப் போனேன். இடம் அரை கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. செயற்கைக்கோள் கோளாறா?
— வாசகர், மேட்டுப்பாளையம்

அரை கிலோமீட்டர் தவறை செயற்கைக்கோள் செய்யாது, கை செய்யும். ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதலாம் என்பதில்தான் சிக்கல். தொட்டபெட்டா பக்கத்து எண் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: வடக்கு 11° 24.360′, கிழக்கு 76° 44.250′. இது டிகிரியும் தசம நிமிடமும். இதையே டிகிரி, நிமிடம், விநாடியாக எழுதினால் 11° 24′ 21.6″, 76° 44′ 15.0″. வெறும் டிகிரியாக எழுதினால் 11.40600, 76.73750. மூன்றும் ஒரே இடம்தான். முதல் விதத்தில் வந்த ‘24.360’ஐ 24 நிமிடம் 36.0 விநாடி என்று படித்துப் போட்டால் 14.4 விநாடி கூடிவிடுகிறது. ஒரு விநாடி நம் அட்சத்தில் ஏறத்தாழ 30.7 மீட்டர், ஆக வடக்கே 440 மீட்டர். அதே தப்பைத் தீர்க்கத்திலும் செய்தால் 10 விநாடி, கிழக்கே 300 மீட்டர். இரண்டும் சேர்ந்து வடகிழக்கே சுமார் 535 மீட்டர். உங்கள் அரை கிலோமீட்டர் பெரும்பாலும் இதுதான்.

இதைவிடப் பெரிய தப்பும் உண்டு. 11.406 என்ற டிகிரியை 11° 40.6′ என்று போட்டால் 30 கி.மீ. வடக்கே, மாயாற்றைத் தாண்டிக் கர்நாடகப் பக்கம் போய் நிற்பீர்கள். நல்லவேளை, 76.7375ஐ அப்படியே 76° 73.75′ என்று போட முயன்றால் கருவி ஏற்காது, நிமிடம் 60ஐத் தாண்டாது. எண்ணை ஏற்க மறுத்தால் கருவியைத் திட்டாமல் அமைப்பைப் பாருங்கள்: ஸெட்டப், பொசிஷன் ஃபார்மட். அனுப்புகிறவருக்கும் ஒன்று சொல்லிவையுங்கள். வெறும் டிகிரியில், புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம். ஐந்தாவது இலக்கம் 1.1 மீட்டர், அதற்கு மேல் எழுதுவது வீண். நான்கோடு நிறுத்தினால் 11 மீட்டர் வரை போகலாம். மலைப்பாதையில் கிளை பிரியும் இடத்துக்கு அது போதாது.

யுடிஎம் கட்டத்தில் (டிகிரிக்குப் பதில் மீட்டரில் இடம் சொல்லும் முறை) எண் வாங்குகிறவர்கள் மண்டல எண்ணையும் கேட்டு வாங்குங்கள். ஊட்டியும் கொடைக்கானலும் 43-வது மண்டலம், மதுரை 44. எல்லை 78-வது தீர்க்கம், அது திண்டுக்கல்லை ஒட்டிப் போகிறது. மதுரையில் 44 என்று வைத்ததை மறந்து கொடைக்கானல் எண்ணைப் போட்டால் குறி வங்காள விரிகுடாவில் விழும். அதுவும் ஒரு வகையில் நல்லதுதான், தப்பு என்று உடனே தெரிந்துவிடும்.

வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி போகும்போது ‘கோ டு’ போட்டேன். ஊசி பாதையை விட்டுப் பள்ளத்தின் விளிம்பைக் காட்டியது. மூடுபனியில் திரும்பி வருவதற்கு இந்தக் கருவியை நம்பலாமா?
— வாசகர், பெரியகுளம்

ஊசி தப்புச் செய்யவில்லை. நீங்கள் ‘அது எந்தப் பக்கம்’ என்று கேட்டீர்கள், அது சொன்னது. ‘எப்படிப் போவது’ என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை. ‘கோ டு’ என்பது இரண்டு புள்ளிக்கு நடுவே இழுத்த நேர்கோடு. ஊட்டிக்கும் குன்னூருக்கும் நேர்கோட்டில் 12 கி.மீ., சாலையில் 18 கி.மீ. சொச்சம். கொடைக்கானலின் தெற்கு விளிம்பில் இந்த வித்தியாசம் ஆளை விழுங்கிவிடும், ஏனென்றால் கோட்டின் நடுவே நூற்றுக்கணக்கான மீட்டர் இறக்கம் இருக்கிறது. ஆகவே மலையில் ‘கோ டு’வை தூரத்தைத் தெரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வர, போன தடத்தைப் பின்பற்றும் ‘ட்ராக்பேக்’தான் சரி. அது நன்றாக வேலை செய்ய, கிளம்பும் முன் ஐந்து நிமிடம் செலவழிக்க வேண்டும்.

முதலில் பழைய தடத்தைச் சேமித்துவிட்டு, ஸெட்டப்பில் ரீசெட் போய் ‘க்ளியர் கரன்ட் ட்ராக்’ கொடுங்கள். போன மாதக் கோடும் இன்றைய கோடும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் பனியில் எது எது என்று தெரியாது. ட்ராக் ஸெட்டப்பில் ‘ரெக்கார்ட், ஷோ ஆன் மேப்’ என்று இருக்க வேண்டும். ரெக்கார்ட் மெதட் ‘ஆட்டோ’, இன்டர்வெல் ‘மோர் ஆஃபன்’. 50 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று சிக்கனம் பிடித்தால் கொண்டை வளைவுகளின் மூக்கெல்லாம் வெட்டுப்பட்டு, கோடு சரிவின் மேலேயே போகும். எட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸில் ஒரு தடத்துக்கு 10,000 புள்ளி இடமுண்டு. 5 விநாடிக்கு ஒன்று என்றாலும் ஏறத்தாழ 14 மணி நேரம் தாங்கும், ஒரு நாள் நடைக்குத் தாராளம். ரூட்டிங்கை ‘டைரக்ட்’ என்றும், ‘லாக் ஆன் ரோட்’ இருந்தால் ‘நோ’ என்றும் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துச் சாலையில் உங்களை ஒட்டவைக்கப் பார்க்கும்.

பிறகு, வண்டி நிற்கும் இடத்தில் செயற்கைக்கோள் பக்கத்தில் துல்லியம் 5 மீட்டருக்குள் வரும்வரை பொறுத்திருந்து ‘மார்க்’ செய்யுங்கள். ஆன் செய்த அரை நிமிடத்தில் அடித்த குறிகள்தான் பெரும்பாலும் தள்ளி விழுகின்றன. வழியில் பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு குறி. எந்தக் கிளையில் வந்தீர்கள் என்பது பெயரிலேயே இருக்கட்டும். ‘001’, ‘002’ என்று தானாக விழும் எண்ணை வைத்து மாலையில் ஒன்றும் புரியாது. புல்வெளியில் பாதை தேய்ந்து மறையும் இடத்தில் இன்னும் நெருக்கமாகக் குறிக்க வேண்டும். மாடும் காட்டெருமையும் நடந்த தடங்கள் மனிதப் பாதையைவிட அழகாக இருக்கும், ஆனால் ஓடையில் போய் முடியும்.

பனி இறங்கிவிட்டது, திரும்ப வேண்டும். ட்ராக் மேனேஜரில் இன்றைய தடத்தைத் திறந்து ‘ட்ராக்பேக்’ கொடுங்கள். படத்தை 80 மீட்டர் அளவுக்குப் பெரிதாக்குங்கள். எலெக்ட்ரானிக் திசைகாட்டி இல்லாத கருவி (எட்ரெக்ஸ் 22எக்ஸ் அப்படித்தான்) நின்ற இடத்தில் திசை சொல்லாது, நடந்தால்தான் சொல்லும். நின்றுகொண்டு கருவியைச் சுழற்றி ஊசி சுற்றுகிறதே என்று பயப்படுகிறவர்கள் நிறைய. பாதை தெளிவாகத் தெரியும் இடத்தில் 15, 20 மீட்டர் ஒரே சீராக நடங்கள், ஊசி நிலைக்கும். திசைகாட்டி உள்ள 32எக்ஸ் மாதிரியில் பேட்டரி மாற்றிய ஒவ்வொரு முறையும் அதைச் சீர்செய்ய வேண்டும். திரையில் சொல்கிறபடி மூன்று வாக்கில் மெதுவாகச் சுழற்றுங்கள், கார் பானட்டின் மேல் வைத்து மட்டும் செய்யாதீர்கள். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் நம் மலைகளில் ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம். 1 டிகிரிக்கு ஒரு கிலோமீட்டரில் 17 மீட்டர், அதற்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக ஒன்று. திரையில் தெரியும் கோடு தண்டவாளம் அல்ல. போகும்போது 10 மீட்டர், வரும்போது 10 மீட்டர் என்று பிழை சேர்ந்தால் கோட்டின் மேலேயே நடக்கிறவர் பாதையிலிருந்து 20 மீட்டர் விலகியிருக்கலாம். சமவெளியில் அது பரவாயில்லை. விளிம்புப் பாதையில் காலுக்கடியில் மிதிபட்ட மண் தெரியாவிட்டால், கோடு என்ன சொன்னாலும் நில்லுங்கள். மலையில் பனி பெரும்பாலும் விட்டுவிட்டுத்தான் வரும்.

தொட்டபெட்டா பலகையில் 2637 மீட்டர் என்று இருக்கிறது. செல்போன் ஆப் 2550 அளவில் காட்டுகிறது. கருவியோ காலையில் ஒன்று, மாலையில் ஒன்று காட்டுகிறது. யாரை நம்புவது?
— வாசகர், உதகை

பலகையை. மற்ற இரண்டும் வேறு வேறு காரணத்துக்காக விலகுகின்றன.

செயற்கைக்கோள் கணக்கில் வரும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அல்ல. பூமிக்குப் பொருத்தமாக வரைந்த வழுவழுப்பான ஒரு நீள்கோளத்திலிருந்து. உண்மையான கடல்மட்டம் அந்தக் கோளத்தோடு எல்லா இடத்திலும் ஒட்டியிருப்பதில்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அது 106 மீட்டர் கீழே இறங்கியிருக்கிறது, உலகத்திலேயே ஆழமான பள்ளம் அதுதான். அதன் ஓரத்தில் நாம் இருப்பதால் நீலகிரியிலும் ஏறத்தாழ 90 மீட்டர் வித்தியாசம். இந்தத் திருத்தத்தைச் செய்யாத ஆப் 2637இலிருந்து 90ஐக் கழித்துக் காட்டும், அதாவது 2547. ஐரோப்பாவில் எழுதிய ஆப்பில் அங்கே பிழை மேலே போகும், இங்கே கீழே போகும். ஆப்பின் அமைப்பில் ‘ஜியாய்ட்’ அல்லது கடல்மட்டத் திருத்தம் என்று இருந்தால் ஆன் செய்யுங்கள். கையடக்கக் கருவிகள் பொதுவாக இதைத் தாங்களே செய்துகொள்கின்றன.

கருவியில் காலை மாலை மாறுவது காற்றழுத்தமானியால். 32எக்ஸ், ஜிபிஎஸ்மேப் 65எஸ் போன்றவை உயரத்தைக் காற்றழுத்தத்தை வைத்துச் சொல்கின்றன. ஊட்டி உயரத்தில் 1 மில்லிபார் குறைந்தால் ஏறத்தாழ 10 மீட்டர் ஏறியதாகக் கணக்கு. வெப்ப மண்டலத்தில் காலை 10 மணி வாக்கில் அழுத்தம் உச்சத்திலும் மாலை 4 மணி வாக்கில் தாழ்ந்தும் இருக்கும், வித்தியாசம் 2, 3 மில்லிபார். புயலோ மழையோ தேவையில்லை, தினமும் இப்படித்தான். ஆக நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலைக்கும் மாலைக்கும் 20, 30 மீட்டர் ‘ஏறிவிடுவீர்கள்’. கிளம்பும் முன், தெரிந்த உயரத்தில் வைத்து ‘காலிப்ரேட் ஆல்டிமீட்டர்’ கொடுத்தால் நடைக்குப் போதும். நீலகிரியில் அதற்கு மலை ரயில் நிலையங்கள் கையோடு இருக்கின்றன, பெயர்ப்பலகையிலேயே கடல்மட்ட உயரம் எழுதியிருக்கும். கொடைக்கானல்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. கொடைக்கானல் ரோடு நிலையப் பலகை அடிவாரத்தின் உயரத்தைத்தான் சொல்லும்! மேலே சூரிய வானாய்வகம் 2343 மீட்டர், அதை வைத்துக்கொள்ளலாம்.

அப்பா வைத்திருந்த பழைய சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தில் குறித்த இடமும் ஜிபிஎஸ் காட்டும் இடமும் ஒத்துப்போகவில்லை.
— வாசகி, கொடைக்கானல்

பழைய தாள்கள் எவரெஸ்ட் 1830 என்ற கோளத்தை அடிப்படையாக வைத்து வரைந்தவை. ஜிபிஎஸ், டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு கோளத்தில் பேசுகிறது. இரண்டுக்கும் நம் பக்கம் ஏறத்தாழ 200 மீட்டர் விலகல் வரும். ஸெட்டப்பில் ‘மேப் டேட்டம்’ போய் ‘இந்தியன் பங்களாதேஷ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம், அது இந்தியா, நேபாளத்துக்கும் சேர்த்துத்தான். பிறகு வரைபடத்தில் துல்லியமாகத் தெரியும் பாலத்திலோ சாலைச் சந்திப்பிலோ நின்று சரிபாருங்கள். வேலை முடிந்ததும் டபிள்யூஜிஎஸ் 84க்கே திரும்பிவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் மற்றவருக்கு அனுப்பும் எண்ணெல்லாம் 200 மீட்டர் தப்பாகப் போகும். 2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த ‘ஓப்பன் சீரிஸ்’ வரைபடத் தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84இலேயே இருக்கின்றன. 1:50,000 அளவு, 2 செ.மீ. ஒரு கிலோமீட்டர். புதிதாகத் தொடங்குகிறவர் அதையே எடுப்பது நல்லது.

ஒரே பாதையில் சேர்ந்து நடந்தோம். என் கருவி 11.2 கி.மீ., நண்பருடையது 12.1. எது சரி?
— வாசகர், குன்னூர்

இரண்டுமே கொஞ்சம் தப்பு. நின்று சாப்பிடும் அரை மணி நேரத்தில் இடம் சில மீட்டர் அங்குமிங்கும் ஆடும், ஓடோமீட்டர் அதையும் நடையாகச் சேர்த்துக்கொள்ளும். இன்னொரு பக்கம், புள்ளிகள் தூரத்தூர விழுந்தால் வளைவுகள் வெட்டுப்பட்டுத் தூரம் குறையும். யார் கருவி சோலைக்குள் பைக்குள் கிடந்தது, யாருடையது தோளில் இருந்தது என்று பாருங்கள், பைக்குள் கிடந்ததுதான் அதிகம் ஆடியிருக்கும். பத்தில் ஒரு பங்குக்குள் வித்தியாசம் இருந்தால் சண்டை வேண்டாம்.

பேட்டரி 25 மணி நேரம் வரும் என்றார்கள். ஜனவரியில் கொடைக்கானலில் ஒரு பகலைக்கூடத் தாண்டவில்லை.
— வாசகர், திண்டுக்கல்

25 மணி என்பது திரை விளக்கு அணைந்து, திசைகாட்டி ஓய்ந்து, எல்லாம் சாதகமாக இருக்கும்போது வரும் கணக்கு. விளக்கை 15 விநாடியில் அணையும்படி வையுங்கள். வெயிலில் விளக்கே வேண்டாம், அந்தத் திரை வெளிச்சத்தில்தான் நன்றாகத் தெரியும். கடையில் கிடைக்கும் சாதாரண பென்டார்ச் செல் குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். 2000 மில்லிஆம்பியர்-மணிக்கு மேற்பட்ட, சார்ஜ் தங்கும் வகை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் குளிரை அதைவிடத் தாங்கும். அவற்றைப் போட்டால் சிஸ்டம் மெனுவில் பேட்டரி வகையையும் மாற்றுங்கள். ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட், சாதாரண செல் 1.5. வகை மாறியிருந்தால் பேட்டரி அளவு தப்பாகக் காட்டும், பாதி இருக்கும்போதே காலி என்று எச்சரிக்கும். மாற்றுச் செல்லைப் பையின் வெளி ஜிப்பில் வைக்காமல் சட்டைக்குள் வையுங்கள். ஜோடியில் ஒன்றைப் புதிது, ஒன்றைப் பழையது என்று கலக்கக் கூடாது.

வீடு திரும்பியதும் செல்லைக் கழற்றிவிடுங்கள். மறந்து மூன்று மாதம் கழித்துத் திறந்தால் சுருள்கம்பியில் வெள்ளைப்பொடி பூத்திருக்கும். அது காரம். பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு தொட்டுத் தடவினால் லேசாக நுரைத்துக் கரையும். பிறகு ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவைத்துச் செல்லைப் போடுங்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் நடந்து அளந்ததில் ஏக்கருக்கு ஏழு சென்ட் குறைகிறது. பக்கத்துக்காரர் நகர்த்திவிட்டாரோ?
— வாசகர், குந்தா

விளையாட்டுக்கு வாங்கிய கருவியை வைத்து எல்லைத் தகராறு ஆரம்பிக்காதீர்கள். ஒரு ஏக்கர் 4047 சதுர மீட்டர், சதுரமாக இருந்தால் பக்கம் 64 மீட்டர் வரும். நான்கு மூலையிலும் 3 மீட்டர் பிழை தனித்தனியாக விழுந்தால் பரப்பில் 270 சதுர மீட்டர் வரை ஏறி இறங்குவது சகஜம், அதாவது ஆறேழு சென்ட். உங்கள் ஏழு சென்ட் கருவியின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பத்து சென்ட் துண்டை அளந்தால் இரண்டு சென்ட் தப்பு வரும், ஐந்தில் ஒரு பங்கு! இன்னொன்று: கருவி தரும் பரப்பு மேலிருந்து பார்க்கும் தட்டையான பரப்பு. 30 டிகிரி சரிவில் செடி நிற்கும் மண் அதைவிட 15 சதவீதம் அதிகம். நாற்றுக் கணக்குப் போடும்போது இது உதவும், பட்டாவுக்கு உதவாது. நில அளவையும் தட்டைப் பரப்பைத்தான் எடுக்கிறது. சர்வேயரைக் கூப்பிடுங்கள்.

பழைய மஞ்சள் எட்ரெக்ஸ். இடம் சரியாகக் காட்டுகிறது, தேதி மட்டும் இருபது வருடம் பின்னால்.
— வாசகர், பழனி

ஜிபிஎஸ் வாரங்களை 1023 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்ஜியத்துக்கு வரும். கடைசியாக 2019 ஏப்ரலில் அப்படி வந்தது. 1024 வாரம் என்பது 19 வருடமும் ஏழெட்டு மாதமும். மென்பொருள் புதுப்பிப்பு கிடைத்தால் போடுங்கள். கிடைக்காவிட்டால் இடத்துக்கு ஆபத்தில்லை, தடத்தின் தேதியை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு உறவினர், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் ஜிபிஎஸ் கொண்டுவருவதாகச் சொல்கிறார். சிக்னல் இல்லாத அவலாஞ்சிப் பக்கம் பாதுகாப்புதானே?
— வாசகி, உதகை

வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். சிக்னலை வாங்க மட்டும் செய்யும் சாதாரண ஜிபிஎஸ் வேறு, இரிடியம் போன்ற செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் கருவி வேறு. இரண்டாவதை இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். தெரியாமல் கொண்டுவந்த பயணிகள் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள். பெட்டியின் மேல் ‘எஸ்ஓஎஸ்’ பொத்தான் இருந்தால் அது இரண்டாவது வகையாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

அவலாஞ்சிக்கு வேண்டியது அனுமதிச் சீட்டு. 2018 மார்ச் குரங்கணித் தீக்குப் பிறகு காட்டுப் பாதைகளில் அனுமதியின்றி நடப்பதற்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. 2024இல் வனத்துறை 40 தடங்களை இணையத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு நடக்கும்படி திறந்தது. கேர்ன் ஹில், லாங்வுட் சோலை, அவலாஞ்சி–கோலாரிபெட்டா எல்லாம் அதில் உண்டு. யாரோ ஏற்றிவைத்த தடக் கோப்பு கருவியில் இருக்கிறது என்பது அனுமதி ஆகாது. அந்தக் கோடு போகும் இடம் இன்று மூடிய காடாக இருக்கலாம்.

செல்போன் இருக்கும்போது தனிக் கருவி எதற்கு?
— பலர்

ஊரை ஒட்டிய இரண்டு மணி நேர நடைக்கு வேண்டியதில்லை. படத்தை முன்கூட்டியே இறக்கி, ஃப்ளைட் மோடில் போட்டாலும் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யும், பேட்டரியும் நீடிக்கும். மழையில் நனைந்த விரல் தொடுதிரையில் வழுக்கும்போதும், சார்ஜ் தீர்ந்து மாற்ற செல் இல்லாதபோதும்தான் பொத்தான் வைத்த கருவியின் அருமை தெரியும். இரண்டும் இருந்தால் கருவி தடத்தைப் பதியட்டும், போன் 112க்குக் கூப்பிட இருக்கட்டும். கூப்பிட்டால் இடத்தை டிகிரியில், ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லி, எதிர்முனையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

தண்ணீர் புகாது என்று போட்டிருக்கிறது. மழையில் நடந்த பிறகு திரைக்குள் ஆவி படிந்திருக்கிறது.
— வாசகர், கூடலூர்

‘ஐபிஎக்ஸ்7’ என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். அதுவும் ரப்பர் மூடி முழுசாக உட்கார்ந்திருந்தால்தான். யுஎஸ்பி துளையை மூடும் அந்தச் சின்ன ரப்பர் நாக்கை விரித்து, ஓரத்துப் பள்ளத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு மணல் துகளோ புல் நரம்போ ஒட்டியிருந்தாலே தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். பழைய பல்துலக்கியால் துடைத்து எடுங்கள், ஊசி வைத்துக் குத்தாதீர்கள். பின்மூடியைச் சுற்றி ஓடும் ரப்பர் வளையமும் அப்படியே. ஆவி போக, செல்லைக் கழற்றி, மூடி திறந்தபடியே, மருந்து டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் நாலைந்தோடு ஒரு டப்பாவில் இரண்டு நாள் மூடிவையுங்கள். குளிர்காயும் கணப்புப் பக்கத்தில் வைத்தால் ரப்பர் இறுகி, அடுத்த மழைக்கு ஒட்டாது.